வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

கேமராவை வைத்து அளக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். முதல் பாதி தொழிற்சாலைக்குள் போனது. கன்வேயரில் ஓடிவரும் உலோகப் பாகங்களைப் படமெடுத்து, விட்டம் சரியா, துளை சரியா, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, தேறாததை ஒதுக்கித் தள்ளும் இயந்திரங்கள். அப்புறம் வயலுக்கு வந்தேன். களையை அடையாளம் கண்டு அதன்மேல் மட்டும் மருந்தடிக்கும் வண்டி, காயை எண்ணும் வண்டி, பயிரின் பசுமையை மேலிருந்து அளக்கும் டிரோன். இரண்டும் வேறு வேறு உலகம் போலத் தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான்: எந்தக் கேமரா வாங்கலாம்? அடுத்தது, எந்த ஏஐ மாடல் போடலாம்? வெளிச்சம் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கேமராவில் ஒரு பிக்சல் செய்யும் வேலை ரொம்ப எளிமையானது. ஒளித்துகள் வந்து விழுந்தால் சிலிக்கானில் எலக்ட்ரான் விடுபடும், அதைச் சேர்த்துவைத்து எண்ணும். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னேற்றமாகச் சேர்த்துவைக்கும் சிசிடி என்ற சில்லை உருவாக்கியதிலிருந்து (அதற்காக 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது) இன்றைய சிமாஸ் சென்சார் வரை இந்த அடிப்படை மாறவில்லை. அந்த எண்ணிக்கைக்குள் நான்கு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: விளக்கு எவ்வளவு ஒளி தந்தது, பொருள் அதில் எவ்வளவைத் திருப்பியது, லென்ஸ் எவ்வளவை உள்ளே விட்டது, சென்சார் அதில் எவ்வளவை எண்ணியது. நமக்கு வேண்டியது இரண்டாவது மட்டும். மற்ற மூன்றையும் கட்டிப்போடாவிட்டால், எவ்வளவு பெரிய மென்பொருள் வைத்திருந்தாலும் அந்த இரண்டாவதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

தொழிற்சாலையில் இந்தக் கட்டிப்போடுகிற வேலையைத்தான் நாங்கள் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தோம். விட்டத்தை அளக்க வேண்டும் என்றால் பொருளுக்குப் பின்னாலிருந்து ஒளியைக் கொடுத்து அதன் நிழலுருவத்தை எடுப்போம், மேற்பரப்பின் நிறமும் பளபளப்பும் அப்போது குறுக்கே வராது. கீறலைத் தேட வேண்டும் என்றால் விளக்கைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, மேற்பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல் ஒளியை விடுவோம். வழவழப்பான இடம் ஒளியை மறுபக்கம் தள்ளிவிட்டுக் கறுப்பாகத் தெரியும், கீறல் மட்டும் ஒளியைச் சிதறடித்துப் பளிச்சென்று நிற்கும். நேரே பார்க்கும்போது இருப்பதே தெரியாத ஒரு கீறல், விளக்கை இடம் மாற்றிய உடனே வெள்ளைக் கோடாக எழுந்து வருவதை முதல் தடவை பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மென்பொருளில் ஒரு வரிகூட மாறவில்லை.

லென்ஸ் விஷயமும் அப்படித்தான். சாதாரண லென்ஸில், பொருள் கிட்டே வந்தால் பெரிதாகத் தெரியும். 200 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் பாகம் 1 மில்லிமீட்டர் நெருங்கினால் அரை சதவீதம் பெரிதாகிவிடும். 20 மில்லிமீட்டர் விட்டத்தில் அது 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) பிழை, கன்வேயர் பட்டையில் சின்ன அதிர்வு போதும். அதனால்தான் டெலிசென்ட்ரிக் லென்ஸ் என்று ஒன்றைப் போடுகிறோம். அச்சுக்கு இணையாக வரும் கதிர்களை மட்டும் அது ஏற்கும், பொருள் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலும் அளவு மாறாது. ஆனால் அளக்கும் பொருளைவிட லென்ஸின் முகப்பு பெரிதாக இருந்தாக வேண்டும், அதனால் கனமும் விலையும் ஏறும். பெரிய பாகங்களுக்கு இது ஒத்துவராது.

அப்புறம் வேகம். பட்டை நொடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது, கேமராவின் கண் 1 மில்லிநொடி திறந்திருக்கிறது என்றால் படம் 1 மில்லிமீட்டர் இழுபட்டுவிடும். 20 மைக்ரோநொடிக்குக் குறைத்தால் இழுபடுவது 20 மைக்ரான்தான், ஆனால் ஒளியும் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட எல்இடியை அதன் வழக்கமான மின்னோட்டத்தைவிடப் பல மடங்கு தந்து கண நேரம் மின்ன வைப்போம். எல்லாம் கணக்குத்தான், ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றில் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்த ஒரு இயந்திரம் என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. அலுமினியப் பாகம், நீளம் 120 மில்லிமீட்டர், கூட்டியோ குறைத்தோ 25 மைக்ரான்வரை அனுமதி. காலையில் எல்லாம் தேறும். மதியத்துக்கு மேல் வரிசையாக 'நீளம் அதிகம்' என்று ஒதுக்கித் தள்ளும். ஒதுக்கிய பாகங்களை எடுத்து அளவறையில் மறுநாள் அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். விளக்கை மாற்றினேன், கேமராவை மாற்றினேன், லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரே பாகத்தை 30 தடவை அளந்தால் 2 மைக்ரானுக்குள் ஒரே விடை வரும். அந்த 2 மைக்ரானைப் பார்த்து நான் நிம்மதியாகிவிட்டதுதான் தவறு. திரும்பத் திரும்ப ஒரே விடை வருவது வேறு, அந்த விடை உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது வேறு.

காரணம் கழுவும் இயந்திரம். பாகங்கள் அதிலிருந்து சூடாக வெளியே வரும். காலையில் வரிசை மெதுவாக ஓடும், கேமராவுக்கு வருவதற்குள் ஆறிவிடும். மதியம் முழு வேகத்தில் ஓடும்போது 38 டிகிரி செல்சியஸில் வந்து நின்றது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். 18 டிகிரி கூடுதல், 120 மில்லிமீட்டர் நீளம், பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 50 மைக்ரான். கேமரா சொன்னது முழுக்க உண்மை, அந்தப் பாகம் அந்த நேரத்தில் நிஜமாகவே நீளமாகத்தான் இருந்தது. நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்பட வேண்டும் என்று 1931இலேயே சர்வதேச அளவில் முடிவெடுத்துவிட்டார்கள், சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் முதலாம் எண் தரமே அதைப் பற்றியதுதான். அதைப் படித்திருந்தேன். பட்டையில் ஓடும் பாகத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

சரி, வெப்பத்தை அளந்து கணக்கில் கழித்துவிடலாம் என்று அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை மேலே மாட்டினோம். அது அறையின் வெப்பத்தைக் காட்டியது. பளபளக்கும் அலுமினியம் தன் வெப்பத்தை ஒளியாக வெளிவிடுவதில் மிக மோசம், சுற்றியிருப்பதன் வெப்பத்தைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். வெப்பமானி பார்த்தது கூரையை! கடைசியில் பாகத்தைத் தொட்டு அளக்கும் சின்ன வெப்ப உணரி ஒன்றைப் போட்டுத்தான் தீர்ந்தது. ஒளியை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய பாடம்.

தூரத்தை அளப்பது இதே துறையில் இன்னொரு பெரிய கிளை. மீட்டர் என்பதே இன்று ஒளியை வைத்துத்தான் வரையறுக்கப்படுகிறது, 1983 முதல் ஒளி வெற்றிடத்தில் நொடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம்தான் ஒரு மீட்டர். அதற்கு முன் 1960இலிருந்து கிரிப்டான் விளக்கின் ஆரஞ்சு ஒளியின் அலைநீளத்தை வைத்திருந்தார்கள். ஒளி ஒரு நானோநொடியில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்பும் நேரத்தை வைத்து 1 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் சுமார் 6.7 பிக்கோநொடி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், ஒரே துடிப்பில் அது எளிதில்லை, அதனால் ஏராளமான துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். கிட்டத்தில் உள்ளதற்கு நான் அதிகம் நம்புவது லேசர் முக்கோண முறையைத்தான்: பொருளின் மேல் லேசர் கோடு போடு, பக்கவாட்டிலிருந்து கேமராவால் பார், உயரம் கூடக் குறைய கோடு நகரும். கோடு முழுக்கத் தெளிவாக விழ சென்சாரை லென்ஸுக்குச் சாய்வாக வைக்க வேண்டும், தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் வான்வழிப் படங்களின் சாய்வைச் சரிசெய்வதற்காக 1904இல் எழுதிய காப்புரிமையோடு சேர்ந்து பேசப்படும் விதி இது.

இதை அப்படியே வயலுக்குக் கொண்டுபோனபோது காய்களின் மேல் சிவப்பு லேசர் கோடு மங்கிப் பரவியது. உலோகத்தில் கூர்மையாக நின்ற கோடு, தக்காளியின் தோலுக்குள் நுழைந்து உள்ளேயே சிதறி, விளக்கு ஏற்றிய மாதிரி காயையே ஒளிர வைத்தது. நீல லேசருக்கு மாறியதும் கோடு சுருங்கியது, அது அவ்வளவு ஆழம் போவதில்லை. பழுக்கக் காய்ச்சிய உலோகத்தை அளக்கவும் நீலத்தைத்தான் எடுப்பார்கள், அங்கே காரணம் வேறு: சூடான உலோகமே சிவப்பிலும் அகச்சிவப்பிலும் ஒளிர்கிறது, நீலத்தில் அவ்வளவு இல்லை.

வயலில் விளக்கு சூரியன். அதை அணைக்க முடியாது, இடம் மாற்ற முடியாது, மேகம் வந்தால் தடுக்க முடியாது. தொழிற்சாலையிலிருந்து வந்தவனுக்கு முதல் மாதம் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். ஆழத்தை அளக்கும் கேமராக்களில் பலவும் கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு அழகான காரணம் இதில்தான் இருக்கிறது. காற்றில் உள்ள நீராவி சூரிய ஒளியில் அந்த அலைநீளத்தைக் கணிசமாக விழுங்கிவிடுகிறது, அதனால் பட்டப்பகலிலும் அந்த ஒரு இடத்தில் சூரியன் கொஞ்சம் மங்கல். அங்கே நம் சின்ன விளக்கின் குரல் கேட்கும். பதிலுக்கு, 850 நானோமீட்டரில் சிலிக்கான் காட்டும் உணர்திறன் 940இல் இருக்காது. இங்கேயும் கொடுத்து வாங்கல்தான்.

பயிரின் விஷயத்தில் ஒளி சொல்லும் கதை உலோகத்தைவிடப் பல மடங்கு வளமானது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் 700 நானோமீட்டரைத் தாண்டியவுடன் அது கையை விரித்துவிடும், இலையின் உள்ளே இருக்கும் செல்களும் காற்றிடைவெளிகளும் அகச்சிவப்பை அப்படியே சிதறடித்துத் திருப்பி அனுப்பும். நல்ல இலை சிவப்பில் சுமார் 5 சதவீதம் திருப்பினால் அண்மை அகச்சிவப்பில் 45 சதவீதம் திருப்பும். நம் கண்ணுக்கு அது தெரிந்திருந்தால் வயல் பச்சையாக இருக்காது, கண்கூசும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்தால் வருவதுதான் எல்லோரும் சொல்லும் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டெண். மேலே சொன்ன இலைக்கு 0.8 வரும், வெறும் மண்ணுக்கு 0.1 பக்கத்தில் வரும். 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் தரவிலிருந்துதான் இந்தக் கணக்கு பரவலானது. அப்போது ஒரு பிக்சல் தரையில் சுமார் 80 மீட்டர், இன்று டிரோனில் சில சென்டிமீட்டர்.

வகுத்துவிடுவதால் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை என்று நானும் நம்பினேன். ஒரு தடவை பறந்து வந்து படத்தைத் தைத்துப் பார்த்தால் வயலின் நடுவே நீளமாக ஒரு பட்டை, பசுமை குறைந்து தெரிந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் அந்தப் பட்டைக்கு மட்டும் உரம் கூட்டிப் போடத் தயாராகிவிட்டார். எனக்கு உறுத்தியது ஒன்றுதான், அந்தப் பட்டையின் ஓரங்கள் டிரோன் போன பாதையோடு ஒட்டி இருந்தன. பயிர் எதற்காக டிரோனின் பாதைக்கு ஏற்றபடி வாட வேண்டும்? நேரக்குறிப்பைப் பார்த்தால் அந்தப் பாதையில் பறந்த சில நிமிடங்கள் மேகம் மறைத்திருந்தது. நேரடி வெயிலில் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள விகிதம் நிழலில் விழும் வான ஒளியில் அப்படியே இருப்பதில்லை. மொத்த வெளிச்சம் வகுத்தலில் கழிந்துவிடும், இந்த விகிதம் கழியாது. பறக்கும் முன், எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று தெரிந்த சாம்பல் நிறத் தட்டைத் தரையில் வைத்துப் படமெடுத்திருந்தோம், ஆனால் அது பறக்கும் முன் இருந்த வானத்தை மட்டும்தான் அறியும். அதற்குப் பிறகு டிரோனின் முதுகில் வானத்தைப் பார்த்தபடி இன்னொரு ஒளி உணரி இல்லாமல் நான் பறக்க விட்டதில்லை.

என்டிவிஐ எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 'இங்கே தழைச்சத்து குறைவு' என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தண்ணீர் பற்றாவிட்டாலும் அது இறங்கும், பூச்சி அடித்தாலும் இறங்கும், பயிர் முதிர்ந்தாலும் இறங்கும். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லும், என்ன ஆயிற்று என்று சொல்லாது. இலை அடர்ந்த பயிரில் இன்னொரு சிக்கல், சிவப்பு ஏற்கெனவே அடிமட்டத்துக்குப் போய்விட்டதால் எண் 0.9 பக்கம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அங்கே சிவப்பு முடிந்து அகச்சிவப்பு ஏறத் தொடங்கும் அந்த விளிம்பை, 700இலிருந்து 740 நானோமீட்டர் பக்கத்தை, பார்ப்பது பலன் தருகிறது.

வயலும் தொழிற்சாலையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, தானியம் பிரிக்கும் இயந்திரம். தானியங்கள் திரையாகக் கொட்டும், வரிக் கேமரா ஒவ்வொன்றையும் விழும்போதே பார்க்கும், சில பத்து மில்லிநொடி கழித்துக் கீழே இருக்கும் காற்றுக்குழாய் கெட்டதை மட்டும் ஊதித் தள்ளும். அமெரிக்க வேளாண் துறையில் கார்ல் நோரிஸ் 1960களில் அண்மை அகச்சிவப்பால் தானியத்தின் ஈரப்பதத்தை அளந்து காட்டிய வழியின் நீட்சியும் இதில் இருக்கிறது. நீர் 970, 1450, 1940 நானோமீட்டர்களில் ஒளியை உறிஞ்சும், எவ்வளவு உறிஞ்சியது என்பதிலிருந்து எவ்வளவு ஈரம் என்று சொல்லலாம். முதலாவதைச் சிலிக்கான் பார்க்கும், மற்ற இரண்டுக்கும் இண்டியம் காலியம் ஆர்சனைடு போன்ற வேறு சென்சார் வேண்டும். இங்கே விளக்கும் நம்முடையது, பின்னணியும் நம்முடையது. வயலில் விளைந்த பொருளைத் தொழிற்சாலையின் ஒழுங்கோடு பார்க்கும் இந்த இயந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான், வயலுக்கு இருட்டறையைக் கொண்டுபோனால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அந்த யோசனை உறுதியானதற்கு ஒரு மாடலும் காரணம். நோய் தாக்கிய இலையைக் கண்டுபிடிக்கப் பழக்கியிருந்தோம், சோதனையில் அபாரமான மதிப்பெண். சந்தேகப்பட்டு, படங்களில் இலையை மொத்தமாக மறைத்துவிட்டு மண்ணை மட்டும் காட்டினேன். அப்போதும் பெரும்பாலும் சரியாகவே சொன்னது! நோய் உள்ள செடிகளை மாலையில் எடுத்திருந்தோம், நல்ல செடிகளைக் காலையில். மாடல் கற்றுக்கொண்டது வெயிலின் சாய்வை. படம் எடுத்தவர்கள்மேல் தவறில்லை, வெளிச்சத்தையும் ஒரு அளவாகக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் இப்போது எங்கள் வண்டியின் வயிற்றுக்குக் கீழே தார்ப்பாய்ப் பாவாடை கட்டியிருக்கிறோம். உள்ளே கறுப்பு, எங்கள் விளக்கு மட்டும். பச்சைக்குள் பச்சையைத் தேடும் வேலையில், அதாவது பயிருக்கு நடுவே களையைத் தேடும்போது, பகலில் எடுத்த படத்துக்கும் சாயங்காலம் எடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் போனதே பெரிய முன்னேற்றம். இரவிலும் ஓட்டிப் பார்க்கிறோம். இரவில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. பச்சையம் தான் உறிஞ்சிய ஒளியில் 1, 2 சதவீதத்தைச் சிவப்பாகத் திருப்பி உமிழும், இருட்டில் இருந்த இலைமேல் திடீரென்று ஒளி பட்டால் அந்த உமிழ்வு எகிறிப் பிறகு மெல்ல இறங்கும். ஹான்ஸ் கவுட்ஸ்கி 1931இல் கண்டு சொன்னது. அந்த இறக்கத்தின் வடிவத்தில் இலையின் ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்பது எழுதியிருக்கும், இலை நிறம் மாறுவதற்கு முன்பே. வயல் தானாகவே மணிக்கணக்கில் இருட்டில் தயாராகக் காத்திருக்கிறது.

போன வாரம் நள்ளிரவு தாண்டி வண்டியை இறக்கினோம். முதலில் சாம்பல் தட்டைப் பாவாடைக்குக் கீழே தள்ளி அளவெடுத்தேன், மதியம் எடுத்ததோடு ஒத்துப்போனது. முதல் மூன்று வரிசை நன்றாகவே வந்தது. அப்புறம் பனி இறங்கியது. ஒவ்வொரு இலையின் மேலும் துளிகள், ஒவ்வொரு துளியிலும் எங்கள் விளக்கு வெள்ளைப் புள்ளியாக. விளக்கின் முன்னால் ஒரு துருவமாக்கியும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) லென்ஸின் முன்னால் அதற்குக் குறுக்காக இன்னொன்றும் வைத்தால் அந்தப் பளபளப்பு போய்விடும், ஆனால் பாதிக்கு மேல் ஒளியும் போய்விடும், வண்டியோ நின்றுகொண்டிருக்கவில்லை. இன்று காலை முழுக்க அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்: எவ்வளவு மெதுவாகப் போகலாம், விளக்கை இன்னும் எவ்வளவு ஏற்றலாம்.